சிவப்பு மூடிப் போத்தல்

ஜப்பானிய உணவகங்களின் மேசைகளில் ஒரு சிறிய கண்ணாடிப் போத்தலை நாம் பார்த்திருப்போம். அதன் அடிப்பகுதி அகன்றும் கழுத்துப் பகுதி ஒடுங்கியும் நீர்த்துளி போல் இருக்கும். தலையில் சிவப்பு நிற மூடி. உள்ளே கருஞ்சிவப்பு நிறத்தில் சோயா சாஸ். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பலர் 'கிச்சாப்' என்று சொல்லும் அதே வகைப் பொருள்தான். போத்தலை எடுத்துச் சாய்க்கிறோம், தேவையான அளவு ஊற்றுகிறோம், மீண்டும் வைக்கிறோம். கை பிசுபிசுப்பதில்லை, மேசையில் வட்டமாகக் கறை படிவதில்லை. தொல்லை தராத பொருளைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. ஆகவே, அந்தப் போத்தலையும் நாம் யோசித்துப் பார்த்திருக்க மாட்டோம்.

இந்தப் போத்தல் விற்பனைக்கு வந்த ஆண்டு 1961. அந்த ஆண்டில் வீடுகளில் இருந்த தொலைக்காட்சிப் பெட்டியையும் வானொலியையும் தொலைபேசியையும் இன்று பார்க்க வேண்டுமானால் அரும்பொருளகத்திற்குத்தான் போக வேண்டும். போத்தல் மட்டும் ஏறக்குறைய அதே உருவத்தில் இன்றும் பேரங்காடிகளில் விற்கப்படுகிறது. இதுவரை 300 மில்லியனுக்கும் அதிகமான போத்தல்கள் விற்பனையாகி இருக்கின்றன. இதை வடிவமைத்தவர் கென்ஜி எக்குவான் என்னும் ஜப்பானியர். ஒரு பொருள் ஏன் நிலைக்கிறது, மற்றொன்று ஏன் மறைகிறது என்னும் கேள்வி அவர் வாழ்க்கையோடு ஒட்டிப் பிறந்த கேள்வியாகும்.

எக்குவான் 1929ஆம் ஆண்டு தோக்கியோவில் பிறந்தார். இளமையின் ஒரு பகுதியை ஹவாய்த் தீவில் கழித்தார். அவருடைய தந்தை ஒரு பௌத்த குரு. பின்னர் குடும்பம் ஹிரோஷிமாவில் வாழ்ந்தது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1945ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள், அந்நகரின்மீது அணுகுண்டு வீசப்பட்டது. எக்குவானின் தங்கை அதில் உயிரிழந்தாள். கதிரியக்கத்தால் நோயுற்ற தந்தையும் பிறகு இறந்துபோனார். அப்போது எக்குவானுக்கு வயது பதினாறைத் தாண்டவில்லை.

அந்த இளைஞன் கண்ட நகரில் வீடு இல்லை, தெரு இல்லை, தொட்டுப் பார்க்க ஒரு பொருள்கூட முழுதாக இல்லை. மனிதர்கள் போனதோடு, அவர்கள் உட்கார்ந்த நாற்காலியும் ஓட்டிய மிதிவண்டியும் உண்ட கிண்ணமும் சேர்ந்தே போயிருந்தன. அந்த வெறுமையின் நடுவே, மனிதர் செய்த பொருள்களுக்காகத் தம் மனம் ஏங்கியது என்று பல ஆண்டுகளுக்குப் பிறகு அவர் ஒரு நேர்காணலில் சொல்லியிருக்கிறார். கையால் தொடவும் கண்ணால் பார்க்கவும் ஏதாவது ஒன்று வேண்டும் போலிருந்ததாம். பொருள்களை உருவாக்குபவனாக வேண்டும் என்று அப்போதே அவர் முடிவு செய்தார்.

ஆனால், முடிவு செய்த உடனே அவர் வடிவமைப்பாளராகிவிடவில்லை. தந்தையின் இடத்தை நிரப்ப வேண்டிய கடமை அவருக்கு இருந்தது. ஆகவே, சில காலம் துறவியாவதற்கான பயிற்சியில் ஈடுபட்டார். பிறகு அதை விட்டுவிட்டு, தோக்கியோவில் உள்ள தேசிய நுண்கலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1955ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். பௌத்தம் எல்லாம் நிலையற்றது என்று சொல்கிறது. அதைக் கற்ற ஒருவர், காலத்தால் அழியாத பொருளைச் செய்தவர் என்று பெயரெடுத்தது வியப்புக்குரியதுதான்.

மாணவராக இருந்தபோதே, 1952ஆம் ஆண்டில், அவரும் நண்பர்களும் சேர்ந்து ஒரு குழுவைத் தொடங்கினார்கள். அதற்கு 'ஜி.கே.' என்று பெயரிட்டார்கள். தங்கள் பேராசிரியர் கொய்கேயின் குழு என்பதே அதன் பொருள். போரில் தோற்று, வறுமையில் வாடிய நாடு அது. அழகான பொருள்கள் செல்வந்தர் வீட்டில் மட்டும் இருந்தால் போதாது, எளிய மக்களின் வீட்டிலும் இருக்க வேண்டும் என்பது அக்குழுவினரின் கொள்கையாக இருந்தது. யமஹா நிறுவனம் 1955ஆம் ஆண்டு வெளியிட்ட முதல் மோட்டார்சைக்கிள் அவர்கள் கைவண்ணத்தில் உருவானதே.

இந்தக் குழுவிடம்தான் கிக்கோமன் நிறுவனம் வந்தது. ஜப்பானில் சோயா சாஸ் முற்காலத்தில் மரப்பீப்பாய்களில் விற்கப்பட்டது. பின்னர் 1.8 லிட்டர் கொள்ளும் பெரிய கண்ணாடிப் போத்தல்களில் கிடைத்தது. இல்லத்தரசிகள் அந்தக் கனமான போத்தலைத் தூக்கி, உணவு மேசையில் வைக்கும் சிறிய சாடியில் ஊற்றி நிரப்புவார்கள். கொஞ்சம் கை நடுங்கினாலும் சாஸ் சிந்தும். தம் தாயார் இவ்வாறு சிரமப்பட்டு ஊற்றியதைச் சிறுவயதில் பார்த்ததை எக்குவான் மறக்கவில்லை. சாடியிலும் குறை இருந்தது. பெரும்பாலும் பீங்கானால் ஆனதால் உள்ளே எவ்வளவு மீதம் இருக்கிறது என்பது தெரியாது. ஊற்றி முடித்ததும் கடைசித் துளி அதன் மூக்கின் அடியில் வழிந்து, சாடியின் வயிற்றில் இறங்கி, மேசையில் கறையாகும்.

நிறுவனம் கேட்டது, தொழிற்சாலையில் நிரப்பி, கடையில் விற்று, நேராக மேசைக்கே கொண்டு செல்லக்கூடிய ஒரு போத்தல். கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால், அதை உருவாக்க எக்குவானுக்கும் அவருடைய குழுவுக்கும் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பிடித்தன. சுமார் 100 மாதிரிகளைச் செய்து பார்த்தார்கள்.

மூன்று ஆண்டுகள் எங்கே போயின என்பதற்கு அந்தப் போத்தலின் மூக்கே பதில் சொல்லும். கெண்டியிலோ தேநீர்க் கூசாவிலோ ஊற்றிவிட்டு நிமிர்த்தும்போது கடைசித் துளி கீழே விழாமல் மூக்கின் அடிப்புறத்தைப் பற்றிக்கொண்டு ஓடுவதைக் கவனித்திருக்கிறோம். திரவத்திற்குத் திடப்பொருளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும் இயல்பு உண்டு. மூக்கின் விளிம்பு மழுங்கி வளைந்திருந்தால் துளிக்கு வழி கிடைத்துவிடும். கிண்ணத்தை நோக்கி இறங்குமாறு மூக்கைச் செய்வதே அதுவரை இருந்த வழக்கம். எக்குவானின் குழு அதை மாற்றியது. மூக்கின் மேல்விளிம்பு முன்னே நீண்டிருக்க, கீழ்ப்பகுதியை உள்நோக்கிச் சாய்வாக வெட்டினார்கள். போத்தலை நிமிர்த்தியதும் ஓட்டம் சட்டென்று அறுந்து, மீதித் துளி உள்ளே திரும்பிவிடுகிறது. வெட்டின் கோணம் சிறிது மாறினாலும் சாஸ் வழிந்துவிடும். சரியான கோணம் கிடைக்கும்வரை, செய்து பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

மூடியில் எதிரெதிராக இரண்டு திறப்புகள் இருக்கும். கெட்டிப்பால் டின்னில் ஏன் இரண்டு துளை இடுகிறோம் என்பது நம் வீட்டுச் சமையலறையில் உள்ள அனைவருக்கும் தெரியும். ஒரு துளையில் பால் வெளியேற, மறு துளை வழியாகக் காற்று உள்ளே புக வேண்டும். இந்தப் போத்தலிலும் அதுவே நடக்கிறது. பின்புறத் திறப்பை விரலால் மூடினால் ஓட்டம் குறையும்; விட்டால் கூடும். துளித்துளியாக வேண்டுமா, தாராளமாக வேண்டுமா என்பதை ஊற்றுபவரின் விரல் நுனியே தீர்மானிக்கலாம். இதற்கென்று ஒரு செய்முறை விளக்கத்தாள் தேவைப்படவில்லை.

மற்றவற்றையும் சுருக்கமாகப் பார்ப்போம். ஒடுங்கிய கழுத்து சிறுவர், முதியவர் ஆகியோரின் கைக்கும் எளிதில் அடங்குகிறது. அகன்ற அடிப்பகுதியில் சாஸின் எடை தங்கிவிடுவதால் முழங்கை பட்டாலும் போத்தல் எளிதில் சாய்வதில்லை. கண்ணாடி என்பதால் மீதம் எவ்வளவு என்பது தெரிகிறது. 150 மில்லிலிட்டர் மட்டுமே கொள்வதால் தூக்குவது சுமையாக இல்லை. சாஸ் தீர்ந்ததும் சிவப்பு மூடியைத் திருகி எடுத்தால் வாய் அகலமாக இருக்கும். பெரிய போத்தலிலிருந்து சிந்தாமல் நிரப்பிக்கொள்ளலாம்.

இந்தக் கடைசி அம்சத்தை நின்று கவனிக்க வேண்டும். ஒருமுறை வாங்கியவர் மீண்டும் மீண்டும் நிரப்பிப் பயன்படுத்தினால் நிறுவனம் விற்கும் சிறிய போத்தல்களின் எண்ணிக்கை குறையுமே! இன்றைய வணிக நோக்கில் அது நட்டக் கணக்கு. மின்கலத்தை மாற்ற முடியாதபடி ஒட்டப்பட்ட கைப்பேசிகளையும், பழுது பார்ப்பதைவிடப் புதிதாக வாங்குவதே மலிவு என்னும் நிலையில் விற்கப்படும் அச்சுப்பொறிகளையும் நாம் அறிவோம். அவற்றையும் தேர்ந்த வடிவமைப்பாளர்கள்தாம் உருவாக்குகிறார்கள். அவர்களுக்குத் திறமை குறைவில்லை. அவர்களிடம் கேட்கப்படும் கேள்விதான் வேறு. சோயா சாஸ் போத்தலோ மேசையிலேயே தங்கிவிட்டது. தங்கியதால் அடுத்த முறையும் அதே நிறுவனத்தின் சாஸையே வாங்க நினைவூட்டியது. நீடித்து உழைப்பதும் வணிகத்துக்கு உதவலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

அதே காலத்தில் அமெரிக்காவில் வேறொரு வகை வடிவமைப்பு கோலோச்சியது. 1948ஆம் ஆண்டு வெளிவந்த கேடிலாக் கார்களின் பின்புறத்தில் மீனின் வால்துடுப்பைப் போன்ற சிறு மேடுகள் இருந்தன. போர் விமானம் ஒன்றின் வால் பகுதியைப் பார்த்து எழுந்த எண்ணம் அது. மக்களுக்குப் பிடித்துவிட்டது. ஆண்டுதோறும் துடுப்பு வளர்ந்தது. 1959ஆம் ஆண்டுக் காரில் அது உச்ச உயரத்தைத் தொட்டது. பிறகு தேயத் தொடங்கி, அறுபதுகளின் நடுப்பகுதிக்குள் காணாமற்போனது. அந்தத் துடுப்புகளால் கார் வேகமாக ஓடவில்லை. போன ஆண்டுக் காரைப் பழையதாகத் தோன்றச் செய்வதே அவற்றின் வேலை. அவை அழகாக இல்லை என்று சொல்ல முடியாது. பழைய கார்களைச் சேர்ப்பவர்கள் இன்றும் அவற்றை ஆசையோடு தடவிப் பார்க்கிறார்கள். ஆனால், பார்த்தவுடன் 'இது ஐம்பதுகளின் கார்' என்று சொல்லிவிட முடிகிறது. சோயா சாஸ் போத்தலைப் பார்த்து யாராலும் அதன் வயதைச் சொல்ல முடியாது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். அலங்காரம் எதுவும் இல்லாமல் பயன் மட்டுமே இருந்தால் பொருள் நிலைத்துவிடுமா? எக்குவான் அப்படி நினைத்தவர் அல்லர். அவர் ஜப்பானியரின் மதிய உணவுப் பெட்டியைப் பற்றி ஒரு நூலே எழுதியிருக்கிறார். சிறிய பெட்டிக்குள் சோறு, மீன், காய்கறி, ஊறுகாய் ஆகியவற்றை நிறமும் சுவையும் கலந்து கண்ணுக்கு விருந்தாக அடுக்கும் கலை அது. குறுகிய இடத்தில் பலவற்றை ஒழுங்காக வைப்பதும், அதை அழகாக வைப்பதும் ஒரே வேலை என்பது அவருடைய பார்வை. பொருள்களுக்கும் உள்ளம் உண்டு என்பது போன்ற ஒரு மதிப்பு அவரிடம் இருந்தது. அது பௌத்தச் சூழலில் வளர்ந்ததால் வந்ததாக இருக்கலாம். எனவே, போத்தலின் வளைவு வெறும் பயனுக்காக மட்டும் வந்ததன்று. நேராக நிற்கும் உருளையும் சாஸைத் தாங்கியிருக்கும். ஆனால், கையில் எடுக்க வேண்டும் என்ற ஆசையை அது தூண்டியிருக்காது.

பெயர் தெரியாதவர்கள் உருவாக்கிய பொருள்களிலும் இதே இயல்பைக் காணலாம். சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர் இணையர், இந்திய அரசின் அழைப்பை ஏற்று அந்நாட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். 1958ஆம் ஆண்டு தங்கள் அறிக்கையை அரசிடம் வழங்கினார்கள். அரண்மனைகளையும் கோயில்களையும் கண்ட அவர்கள், அந்த அறிக்கையில் தாங்கள் பார்த்தவற்றுள் மிக அழகானது என வியந்து போற்றியது எதைத் தெரியுமா? தண்ணீர் முகக்கும் சொம்பை! நம் பாட்டி வீட்டில் இருக்கும் அதே பித்தளைச் சொம்புதான். எவ்வளவு நீர் கொள்ள வேண்டும், இடுப்பிலும் கையிலும் எப்படிப் பொருந்த வேண்டும், நிறைந்திருக்கும்போதும் காலியாக இருக்கும்போதும் எப்படி நிலைநிற்க வேண்டும், ஊற்றும்போது நீர் எப்படி விழ வேண்டும், கழுவ எளிதாக இருக்குமா, விலை என்ன, தொட்டால் எப்படி இருக்கும் என்றெல்லாம் ஒருவர் உட்கார்ந்து யோசித்தால்கூட இவ்வளவு சிறப்பாகச் செய்ய முடியுமா என்று அவர்கள் கேட்டார்கள். அதை ஒருவர் செய்யவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்தியவர்களும் செய்தவர்களும் சிறிது சிறிதாகத் திருத்தியே அந்த வடிவம் வந்தது. அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1961ஆம் ஆண்டு அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் நிறுவப்பட்டது.

சொம்பையும் போத்தலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒற்றுமை புலப்படும். சொம்புக்குப் பல நூற்றாண்டுகள் அவகாசம் கிடைத்தது. எக்குவானுக்குக் கிடைத்ததோ மூன்று ஆண்டுகள். எனவே, பல தலைமுறைகள் செய்திருக்க வேண்டிய திருத்தங்களை 100 மாதிரிகளில் செய்து பார்த்தார் எனலாம். முதல் மாதிரியோடு மனநிறைவு அடைந்திருந்தால் அந்தப் போத்தலும் சில ஆண்டுகளில் மறைந்திருக்கும்.

எக்குவான் வடிவமைத்த எல்லாமே நிலைத்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். யமஹா நிறுவனத்தின் புகழ்பெற்ற 'வீமேக்ஸ்' மோட்டார்சைக்கிள், நரித்தா விமான நிலையத்துக்குச் செல்லும் விரைவு ரயில், 'கொமாச்சி' என்னும் அதிவேக ரயில் ஆகியவற்றின் வடிவமைப்பிலும் அவருக்கும் அவர் குழுவுக்கும் பங்கு உண்டு. கோடிக்கணக்கில் பணம் செலவழித்து, பொறியாளர்கள் பலர் கூடி உருவாக்கியவை இவை. ஆயினும், ரயில்களுக்கு ஆயுள் உண்டு. வேகமும் பாதுகாப்பு விதிகளும் மாறும்போது புதிய ரயில்கள் வந்துவிடுகின்றன. அந்த விரைவு ரயிலின் முதல் தலைமுறைப் பெட்டிகள் அவர் வாழ்நாளிலேயே சேவையிலிருந்து விலக்கப்பட்டன. ரயிலைவிடப் போத்தல் நீண்ட நாள் வாழ்கிறது என்றால், அதற்குக் காரணம் வடிவமைப்பாளரின் திறமை மட்டுமன்று. சாஸ் ஊற்றும் மனிதக் கை 1961இல் இருந்தது போலவே இன்றும் இருக்கிறது, சாஸும் மாறவில்லை. தேவை மாறாத இடத்தில்தான் பொருளும் மாறாமல் நிற்க முடிகிறது. கைப்பேசி வடிவமைப்பவர்கள்மீது குறை காணும் முன் இதையும் எண்ணிப் பார்ப்பது நியாயமாகும்.

போத்தலுக்கும் குறைகள் உண்டு. கண்ணாடி என்பதால் கீழே விழுந்தால் உடையும். மூடியில் உள்ள திறப்புகள் வழியே காற்று புகுவதால் நாள்பட நாள்பட சாஸின் நிறம் கறுத்து மணமும் குறையும். இதைத் தவிர்க்க, கிக்கோமன் நிறுவனமே அண்மைக் காலத்தில் காற்றுப் புகாத நெகிழிப் போத்தல்களை விற்பனைக்குக் கொண்டுவந்துள்ளது. அழுத்தினால் சாஸ் வரும். விட்டால் காற்று உள்ளே போகாது. சாஸைக் கெடாமல் காப்பதில் அது பழைய போத்தலைவிடச் சிறந்தது. ஆனால், தீர்ந்ததும் தூக்கி எறிய வேண்டியதுதான். நிரப்பிப் பயன்படுத்த முடியாது. சுவை முக்கியமா, குப்பை குறைவது முக்கியமா? ஜப்பானியக் குடும்பங்கள் இரண்டையும் வாங்குகின்றன.

எக்குவான் 2015ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், தம் 85ஆம் வயதில் காலமானார். உலகின் பல நாளிதழ்கள் அவருக்கு இரங்கல் செய்தி வெளியிட்டன. ரயில்களையும் மோட்டார்சைக்கிள்களையும் வடிவமைத்த அவரை, அவை பெரும்பாலும் சோயா சாஸ் போத்தலின் பெயரைச் சொல்லியே அறிமுகப்படுத்தின. நியூயார்க்கில் உள்ள நவீனக் கலை அரும்பொருளகத்தின் நிரந்தரச் சேகரிப்பிலும் அந்தப் போத்தல் இடம்பெற்றுள்ளது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2018இல், ஜப்பானில் அதன் உருவத்திற்கு முப்பரிமாண வணிகச் சின்னம் என்னும் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. பொதுவாக, வணிகச் சின்னம் என்பது ஒரு பெயராகவோ படமாகவோ இருக்கும். ஆனால், இங்கே பதிவு செய்யப்பட்டது நிறுவனத்தின் பெயர்கூட எழுதப்படாத வெறும் போத்தலின் வடிவம். எழுத்தை நீக்கிவிட்டுக் காட்டினாலும் மக்கள் அது எந்த நிறுவனத்தின் போத்தல் என்று சொல்லிவிடுகிறார்கள் என்பதே அப்பதிவுக்கு அடிப்படையாக அமைந்தது.